முளையும் விளைவும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் வேனில் கழிந்து இலையுதிர் காலம் பிறந்ததும், சனிக்கிழமை என்பது ஏழு கிழமைகளுள் ஒன்றாக இராது, திருநாளாகவே மாறிவிடும். அன்று பல்கலைக்கழக ஊர்கள்தோறும் கால்பந்தாட்டம் நிகழும். மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரின் மக்கள்தொகை ஒரு லட்சத்து இருபதாயிரம் அளவினது. அந்நகரில் 1927-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பல்கலைக்கழக ஆட்டரங்கிலோ 1,07,601 பேர் அமரலாம். ஊர் முழுதும் வந்தாலும் பெரும்பாலோர்க்கு இடம் உண்டு என்றால் அதன் பரப்பை உய்த்துணர்ந்து கொள்க. அங்கே ஆடுவோர் யாவர்? பதினெட்டு வயது முதல் இருபத்துமூன்று வயது வரையுள்ள கல்லூரி மாணவரே பெரும்பாலார்.

கால்பந்து என்னும் பெயர் கேட்டு மயங்குதல் வேண்டா. உருண்டைப் பந்தைக் காலால் உதைத்து உலகெங்கும் ஆடும் ஆட்டம் வேறு, இது வேறு. இதில் பந்து முட்டை வடிவினது. ஆட்டத்தின் பெரும்பகுதியில் அது கையால் எறியப்பெறும். அல்லது மார்போடு அணைத்துச் சுமந்து ஓடப்பெறும். 1869 நவம்பர் 6-ஆம் நாள் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்னும் இரு கல்லூரிகளின் மாணவர் பக்கத்துக்கு இருபத்தைவராக நின்று முதன்முதலில் எதிர்த்தாடியபோது, பந்தைக் கையில் ஏந்தி ஓடுதல் இல்லை. ரட்கர்ஸ் 6-க்கு 4 என வென்றது. பின்னர் ஆட்டம் முற்றிலும் மாறிற்று. பெயர் மட்டும் மாறாது நின்றுவிட்டது.

ஓர் அணி ஒரு பருவத்தில் ஆடும் ஆட்டங்கள் பன்னிரண்டளவே. ஆண்டில் எஞ்சிய நாள்களில் இரசிகர் என் செய்வர்? பேசுவர். முடிதிருத்தும் கடையிலும், உணவு விடுதியிலும், வானொலியிலும், கைப்பேசியிலும் பேசுவர். ஆட்டம் மூன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பேச்சுக்கு முடிவே இல்லை. அடுத்த ஆண்டு அணிக்கு எவன் வருவான் என்று தொடங்கும் அப்பேச்சு, அரை நாழிகையில் ஐம்பதாண்டுக்கு முன் ஆடியவன் ஒருவனைச் சென்று பற்றும், அங்கிருந்து கூடைப்பந்துக்குத் தாவும், பேஸ்பாலுக்குத் தாவும். வீண் பேச்சு என இதனை இகழ்வோர் உளர். வீண் பேச்சு அன்று. தந்தையும் மகனும் வேறொன்றைப் பற்றியும் மனம் திறந்து பேச இயலாத இல்லங்களில்கூட இஃது ஒன்றைப் பற்றிப் பேசுவர். அண்டை வீட்டாரைப் பிணைப்பதும், ஊரை விட்டு அகன்றவனைப் பிறந்த ஊரோடு கட்டி வைப்பதும் இப்பேச்சே. ஆயினும் இதன் முதற்பகுதியில் ஒரு குறை உண்டு. அக்குறையைத் தீர்க்கும் மருந்தும் இதே பேச்சின் பிற்பகுதியில் உண்டு என்பதே வியப்பு.

முதற்பகுதி ஆட்சேர்ப்பைப் பற்றியது. தொழின்முறை அணிகள் கல்லூரி ஆட்டத்தில் தேறியவரை ஆண்டுதோறும் முறைவைத்து எடுத்துக்கொள்ளும்; அங்கே இளைஞனுக்குத் தன் அணியைத் தேரும் உரிமை இல்லை. பள்ளியிறுதி மாணவனுக்கோ அவ்வுரிமை உண்டு. அவன் தன்னை அழைத்த கல்லூரிகளுள் ஒன்றைத் தானே தேர்வான். ஆகவே, ஆண்டுக்குப் பல மில்லியன் டாலர் ஊதியம் பெறும் பயிற்சியாளர், பதினேழு வயதுச் சிறுவனின் வீட்டு வாயிற்படி ஏறி, அவன் தாயோடும் பாட்டியோடும் இன்சொல் பேசி, "எம் கல்லூரிக்கு வருக" என்று வேண்டி நிற்பார். நெடுங்காலமாகப் பிப்ரவரித் திங்களின் முதற் புதன்கிழமை மாணவர் கையொப்பமிடத் தொடங்கும் நாளாக இருந்தது. 2017 முதல் டிசம்பரிலும் அவ்வாய்ப்பு ஏற்பட்டது. ஆட்டமே இல்லாத அந்நாளில் இரசிகர் படும் பரபரப்பு, ஆட்ட நாளின் பரபரப்பினும் சில வேளைகளில் மிகும்.

இம்மாணவரை அளப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் பல உள. அவை மாணவர்க்கு விண்மீன் குறி இடும். ஐந்து மீன் பெற்றவன் நாட்டில் தலைசிறந்த சிலருள் ஒருவன். இரண்டு மீன் பெற்றவனைப் பெரிய கல்லூரிகள் ஏறிட்டும் பாரா. சிறுவனின் உயரம் இத்தனை அங்குலம், எடை இத்தனை ராத்தல், நாற்பது கஜம் ஓட இத்தனை நொடி என்று இரசிகர் மனப்பாடமாக ஒப்பிப்பர். அவன் எதைப் படிக்க விரும்புகிறான், எந்தப் பாடத்தில் ஆர்வம் உடையவன் என்று வினவினால் நூற்றுவரில் ஒருவர் விடை கூறுதலும் அரிது.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது பழமொழி. உழவர் வாயில் பிறந்த அப்பழமொழி உழவுக்குப் பொருந்தும். ஆயினும், முளையைக் கண்ட அன்றே களத்து நெல்லை அளக்க மரக்காலைத் தேடும் உழவன் ஒருவனும் இலன். மழை உண்டு, பூச்சி உண்டு, வெள்ளம் உண்டு என்பதை அவன் அறிவான். விண்மீன் குறி இடுவோரும் அதனை நம்புவோரும் முளையைக் கண்ட அன்றே மரக்காலைக் கையில் எடுத்துவிடுகின்றனர்.

கலிபோர்னியா மாநிலத்தில் ஃபயர்பா என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. வேளாண்மையே அவ்வூரின் உயிர். அங்கே பருத்தி விளைக்கும் குடும்பத்தில் பிறந்தவர் ஜாஷ் ஆலன். பள்ளி முடித்தபோது அவர் மெலிந்த உடலினர். முதல்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றேனும் அவரை அழைத்ததில்லை. அருகிலிருந்த ஃபிரெஸ்னோ மாநிலப் பல்கலைக்கழக அணியைச் சிறுவயது முதல் இரசித்து வளர்ந்தவர் அவர்; அவ்வணியும் அவரை வேண்டவில்லை. ரீட்லி என்னும் ஈராண்டுக் கல்லூரியில் சேர்ந்து ஆடினார். அங்கிருந்து நாடெங்கிலுமுள்ள பயிற்சியாளர்க்கு மின்னஞ்சல் எழுதினார். பெரும்பாலானவற்றுக்கு மறுமொழி இல்லை. முடிவில் வயோமிங் பல்கலைக்கழகம் அவரை ஏற்றது. 2018-ஆம் ஆண்டுத் தொழின்முறைத் தேர்வில் ஏழாமவராக எடுக்கப்பெற்றார். 2024-ஆம் ஆண்டுப் பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்னும் விருதையும் அவரே பெற்றார். அவர் பள்ளியில் பயின்ற காலத்தில் அவருக்கு மேலாக மதிக்கப்பெற்ற பந்தெறிவோர் பலரின் பெயரை இன்று ஒருவரும் நினைப்பதில்லை.

விஸ்கான்சின் மாநிலத்து ஜே. ஜே. வாட்டின் கதையும் இத்தகையதே. இரு மீன் பெற்ற அவர் மத்திய மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்; அங்கே தம் ஆற்றலுக்கு ஏற்ற இடம் இல்லை எனக் கண்டு நீங்கினார். வீடு திரும்பி, பீட்சா கொண்டுசென்று கொடுக்கும் வேலை பார்த்துப் பொருள் ஈட்டினார். பின்னர் உதவித்தொகை ஏதுமின்றி விஸ்கான்சின் பல்கலைக்கழக அணியில் முயன்று நுழைந்தார். 2012, 2014, 2015 என மூன்று ஆண்டுகளில் தொழின்முறை ஆட்டத்தின் தலைசிறந்த தடுப்பாளர் என்னும் விருது அவரை அடைந்தது.

இவற்றைக் கொண்டு விண்மீன் குறி முற்றும் பொய் என முடிவு கட்டுதல் முறையன்று. ஐந்து மீன் மாணவரையும் நான்கு மீன் மாணவரையும் மிகுதியாகப் பெற்ற கல்லூரிகளே பெரும்பாலும் வாகை சூடுகின்றன. அளப்போர் குருடர் அல்லர். நூறு மாணவரை ஒருங்கு நிறுத்தினால் எப்பக்கம் ஆற்றல் மிகுதி என்பதை அவர் ஏறக்குறையச் சரியாகவே கூறுவர். ஆனால் நூற்றுவரைப் பற்றிக் கூறிய சொல்லை ஒருவன் நெற்றியில் ஒட்டுதல்தான் பிழை. அந்த ஒருவன் பதினேழு வயதினன். இப்பாடத்தைப் படிக்கும் மாணவரினும் ஓரிரண்டு ஆண்டே மூத்தவன். ஐந்து மீன் பெற்றவன் அதனைச் சுமையாகத் தூக்கித் திரிகிறான். ஒன்றும் பெறாதவன் அதனைத் தன் விலை என்றே எண்ணி மனம் குன்றுகிறான்.

பழைய வீரரைப் பற்றி அதே இரசிகர் பேசும்போது கேட்டல் வேண்டும். அங்கே அவர் குரலே மாறிவிடும். "அவனை எவரும் வேண்டவில்லை, நம் பயிற்சியாளர் ஒருவரே கண்டார்" என்று பெருமையோடு தொடங்குவர். புறக்கணிக்கப்பட்டு உயர்ந்தவனின் கதையே அவர்க்கு எல்லாவற்றினும் இனிய கதை. மிச்சிகனில் பயின்ற டாம் பிரேடி 2000-ஆம் ஆண்டுத் தேர்வில் 199-ஆம் இடத்தில் எடுக்கப்பெற்றுப் பின்னர் ஏழு முறை சூப்பர் போல் வென்றதைச் சொல்லிச் சொல்லி அவர் வாய் சலிப்பதில்லை. அப்படிச் சொன்ன வாயே, அடுத்த நொடியில், "இவ்வாண்டு நமக்கு வாய்த்தவரெல்லாம் மூன்று மீன் பிள்ளைகள்தாம், என்ன பயன்?" என்று வருந்தும். கதையின் பொருளைக் கதை சொல்பவரே மறந்துவிடுகிறார்.

பழங்கதையிலும் பொய் கலக்கும் என்பதையும் சொல்லுதல் கடன். 1970 செப்டம்பர் 12-ஆம் நாள், அலபாமா மாநிலத்துப் பர்மிங்காமில், தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழக அணி அலபாமா அணியை 42-க்கு 21 என வென்றது. வென்ற அணியில் கறுப்பின வீரர் பலர் இருந்தனர்; அவருள் சாம் கன்னிங்காம் 135 கஜம் பந்து சுமந்து ஓடினார். அலபாமா அணியிலோ அன்று களத்தில் இறங்கியோர் அனைவரும் வெள்ளையர். அந்த ஓர் இரவே தென்மாநிலங்களின் கண்ணைத் திறந்தது என இரசிகர் கூறுவர். கேட்க இனிய கதைதான். ஆனால் வில்பர் ஜாக்சன் என்னும் கறுப்பின மாணவர் அதற்கு முன்னரே உதவித்தொகையோடு அலபாமாவில் சேர்க்கப்பட்டிருந்தார். முதலாண்டு மாணவர் முதன்மை அணியில் ஆடலாகாது என்ற அக்கால விதியால் அவர் அன்று ஆடவில்லை. மேலும், கண் திறக்கும் முன் கழிந்த பல பத்தாண்டுகளில், தம் ஊர்ப் பல்கலைக்கழக வாயிலிலேயே தடுக்கப்பட்ட கறுப்பின இளைஞர் எத்தனையோ பேர். அவரை அளக்கவே மறுத்தனர்; அளவுகோல் பிழைத்தது என்று சொல்வதற்கும் அங்கே இடமில்லை. பழைய வீரரைப் பற்றிப் பேசுவோர், ஆட விடப்படாதவரையும் எண்ணுதல் தகும்.

பேச்சு பிற ஆட்டங்களுக்குத் தாவும்போது, "கால்பந்தைப் பற்றிப் பேசுக, வேறு எதற்கு?" என்று முகம் சுளிப்போர் உண்டு. அத்தாவல் நன்றே. ஒருவனை ஒரே ஆட்டத்தில் மட்டும் நோக்குவோர் அவனைப் பாதியே காண்கின்றனர். ஜாக்கி ராபின்சன் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது கால்பந்து, கூடைப்பந்து, தடகளம், பேஸ்பால் ஆகிய நான்கிலும் ஆடினார். 1940-ஆம் ஆண்டு நீளத் தாண்டுதலில் கல்லூரிகள் அனைத்துக்கும் முதல்வரானார். கால்பந்தில் அவர் ஓட்டத்தைக் கண்டு அரங்கமே எழுந்து நின்றது. அந்நான்கனுள் அவர் மிகவும் பின்தங்கிய ஆட்டம் எது? பேஸ்பால். அவ்வாண்டுப் பருவத்தில் அவர் மட்டையடிச் சராசரி .097, பத்து வாய்ப்புக்கு ஒரு வெற்றியடியும் இல்லை என்பது அதன் பொருள். அந்தப் பேஸ்பாலில்தான் 1947-ஆம் ஆண்டு அவர் நிறத்தடையை உடைத்துப் பெரும் அணிகளுள் நுழைந்தார். 1949-ஆம் ஆண்டு தம் கூட்டமைப்பின் சிறந்த ஆட்டக்காரரானார். 1962-ஆம் ஆண்டு அவ்வாட்டத்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். 1940-ஆம் ஆண்டில் அவருக்குப் பேஸ்பாலில் விண்மீன் குறி இட்டிருந்தால் எத்தனை இட்டிருப்பரோ?

ஜிம் தோர்ப்பின் வரலாறு இன்னும் துயரமானது. அமெரிக்கப் பழங்குடியில் பிறந்த அவர், பழங்குடிப் பிள்ளைகளுக்கென நடத்தப்பட்ட கார்லைல் பள்ளியின் அணியில் ஆடினார். 1911-ஆம் ஆண்டு அச்சிறு பள்ளி புகழ்மிக்க ஹார்வர்டை 18-க்கு 15 என வென்றது. மறு ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐவகைப் போட்டியிலும் பத்துவகைப் போட்டியிலும் அவர் பொற்பதக்கம் பெற்றார். முன்பு கோடை விடுமுறையில் சிறு தொகைக்குப் பேஸ்பால் ஆடினார் என்னும் குற்றத்துக்காக 1913-ஆம் ஆண்டு பதக்கங்களைப் பறித்தனர். அவர் 1953-ஆம் ஆண்டு மறைந்தார். பறித்த சிறப்பை 1982-ஆம் ஆண்டு பிறரோடு பகிர்ந்து தந்தனர்; 2022-ஆம் ஆண்டே தனி முதல்வர் என ஒப்பினர். கூலி பெற்று ஆடுதல் இழிவு என்ற கொள்கை ஒரு பெருவீரனை என் செய்தது என்பதற்கு இது சான்று.

அக்கொள்கையே அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தையும் நூறாண்டுக்கு மேல் ஆண்டது. அரங்கம் நிறைந்தது, தொலைக்காட்சி நிறுவனங்கள் பெருந்தொகை தந்தன, பயிற்சியாளர் செல்வராயினர். ஆடிய மாணவன் தன் பெயரையும் உருவையும் கொண்டு ஒரு டாலரும் ஈட்டலாகாது என்று விதி கூறிற்று. 2021 ஜூலை முதல் நாள் அவ்விதி தளர்ந்தது. 2025 ஜூன் திங்களில் நீதிமன்றம் ஏற்ற உடன்படிக்கைப்படி, கல்லூரிகளே ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை தம் விளையாட்டு வீரர்க்குப் பகிர்ந்தளிக்கலாம் என்றாயிற்று. கல்லூரி விட்டுக் கல்லூரி மாறுதலும் எளிதாயிற்று. பணம் ஆட்டத்தைக் கெடுத்துவிட்டது என்று முதிய இரசிகர் புலம்புகின்றனர். பணம் முன்னரே அங்கே இருந்தது. மாணவன் கைக்குத்தான் வரவில்லை. அவனுக்கு உரியதை அவன் பெறுதல் நேர்மையே.

எனினும் இம்மாற்றத்தால் பேச்சின் தன்மை ஒரு படி தாழ்ந்தது என்பதையும் மறைத்தல் ஆகாது. "கூலி கொடுத்தோம்; ஆகவே ஏச்சும் கொடுப்போம்" என்னும் எண்ணம் சிலரிடம் தலைதூக்கியுள்ளது. வேறு கல்லூரியைத் தேர்ந்த சிறுவனையும், பந்தைத் தவறவிட்ட மாணவனையும் முகம் அறியாதோர் கடுஞ்சொல்லால் சுடுகின்றனர். பற்று முற்றி வெறியானால் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அலபாமா மாநிலத்து ஆபர்ன் நகரில் ஒரு சான்று உண்டு. ஆபர்ன் பல்கலைக்கழக அணி வென்ற நாள்களில் ஊரார் கூடி மகிழும் மூலையில் இரண்டு பழைய ஓக் மரங்கள் நின்றன. 2010-ஆம் ஆண்டு ஆட்டத்தில் அலபாமா 24-க்கு 0 என முந்தியிருந்தும், முடிவில் ஆபர்ன் 28-க்கு 27 என வென்றது. 2011 சனவரியில், தோற்ற அணியின் இரசிகர் ஒருவர், வானொலிப் பேச்சு நிகழ்ச்சியைத் தொலைபேசியில் அழைத்து, அம்மரங்களுக்குத் தாம் நஞ்சிட்டதாகச் சொல்லி மகிழ்ந்தார். அவர் சிறை சென்றார். மரங்கள் பிழைக்கவில்லை, 2013-ஆம் ஆண்டு வெட்டப்பட்டன. மரம் என்ன பிழை செய்தது?

கல்லூரியில் ஆடுவோருள் தொழின்முறை அணி சேர்வோர் நூற்றுக்கு இருவரும் இலர். ஏனையோர் ஆசிரியராவர், வணிகராவர், உழவராவர், மருத்துவராவர். இரசிகர் பேச்சில் அவர் பெயர் நான்கே ஆண்டு நிற்கும், பின்னர் மறையும். ஆயினும் சில பெயர்கள் எண்களால் நில்லாது வேறொன்றால் நிற்கின்றன.

1922-ஆம் ஆண்டு, கிளீவ்லாந்து நகரத்துப் பள்ளியொன்றின் பயிற்சியாளர் அயோவா மாநிலக் கல்லூரிக்குப் பணி மாறிச் சென்றார். தம் மாணவர் சிலரையும் அங்கே சேரத் தூண்டினார். அவருள் ஒருவர் ஜாக் டிரைஸ். அக்கல்லூரிக்காக விளையாடிய முதற் கறுப்பின மாணவர் அவரே. கால்நடை வளர்ப்புக் கல்வியை மேற்கொண்டார். வேலை பார்த்துக்கொண்டே படித்தார். 1923 அக்டோபர் 6-ஆம் நாள் மினசோட்டா அணியை எதிர்த்து ஆடினார். முதன்மை அணியில் அஃது அவருக்கு இரண்டாம் ஆட்டம். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே காறை எலும்பு முறிந்தது, பொருட்படுத்தாமல் ஆடினார். பின்னர்க் கீழே விழுந்தவரை எதிரணியினர் பலர் மிதித்தனர். இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 8-ஆம் நாள், உயிர் நீத்தார். அவருக்கு வயது இருபத்தொன்று. இறுதிச் சடங்கு நாளில் அவர் மேற்சட்டைப் பையில் ஒரு கடிதம் கிடைத்தது. ஆட்டத்துக்கு முந்தைய இரவு விடுதி அறையில் அமர்ந்து, தம் இனத்தின் மானமும் குடும்பத்தின் மானமும் தம் மானமும் நாளைய ஆட்டத்தில் அடங்கியுள்ளன என்று தமக்குத் தாமே எழுதிக்கொண்டது அது.

ஐம்பதாண்டு அவர் பெயர் ஏறக்குறைய மறைந்து கிடந்தது. 1970-களில் அப்பல்கலைக்கழக மாணவர் அதனை மீட்டெடுத்து, புதிய அரங்குக்கு அப்பெயரே இடுக எனக் கேட்டனர். மேலோர் உடனே இசையவில்லை. ஒரு வகுப்பு மாணவர் படித்து நீங்கினால் அடுத்த வகுப்பு மாணவர் அக்கோரிக்கையைக் கையில் எடுத்தனர். 1984-ஆம் ஆண்டு ஆடுகளத்துக்கு மட்டும் அவர் பெயர் கிடைத்தது. 1997-ஆம் ஆண்டு அரங்கம் முழுதுக்கும் கிடைத்தது. இரண்டே ஆட்டம் ஆடியவர் பெயரைத் தாங்கிய அந்த அரங்கில்தான், ஏம்ஸ் நகரில், இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் அறுபதினாயிரவர் கூடி அமர்ந்து, அடுத்த ஆண்டு எந்த மாணவன் வருவான், அவனுக்கு எத்தனை மீன் என்று பேசிக்கொண்டிருக்கின்றனர்.